கீழ் வீட்டுச் சூடு

நவம்பர் 11

தம்பிக்கு,

என் வீட்டுத் தரை செவ்வாய்க்கிழமையிலிருந்து குளிர்ந்து கிடக்கிறது.

நீயும் நானும் பேசாமலிருந்து எட்டு மாதமாகிறது. இன்னும் எட்டு மாதம் பேசாமலிருக்கவும் எனக்குத் தெம்பு இருக்கிறது. ஆனால் இந்தத் தரை விவகாரம் வாயை மூடிக்கொண்டிருந்தால் தீராது போலிருக்கிறது. அதனால் எழுதி வாசல் தபால் பெட்டியில் போடுகிறேன். தபால்தலை ஒட்டவில்லை. பதினெட்டுப் படி இறங்கப்போகிற கடிதத்துக்குத் தபால்தலை எதற்கு?

போன இரண்டு ஞாயிற்றுக்கிழமையும் காலையிலிருந்து சாயங்காலம் வரை கீழேயிருந்து சுத்தியல் சத்தம். படியில் உன் பெண்டாட்டியைப் பார்த்தபோது கேட்டேன். "ஒண்ணுமில்ல அண்ணி, அவரு படம் மாட்டுறாரு" என்றாள். இரண்டு ஞாயிறு முழுக்க ஆணியடித்து மாட்டுகிற அளவுக்கு உன்னிடம் ஏது அத்தனை படம்? அவளுக்குப் பொய் சொல்ல வராது. சொல்லும்போதே பார்வை சீலிங்குக்குப் போய்விட்டது.

முப்பத்தொரு வருடம் ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதியை நடத்தியவள் நான். நீராவிக் குழாய் எந்த இடத்தில் சூட்டை விடுகிறது என்று உள்ளங்காலை வைத்தே சொல்லிவிடுவேன். கரி எரியும் உன் கணப்புக்கு நேர் மேலே, என் சமையலறை மேசைக்கும் ஜன்னலுக்கும் நடுவே, ஒரு பாய் அகலத்துக்குத் தரை எப்போதும் வெதுவெதுப்பாக இருக்கும். காலுறைகளை அங்கேதான் விரித்துக் காயவைப்பேன். ரொட்டி மாவுப் பாத்திரத்தை அங்கேதான் வைப்பேன். இப்போது காலுறை மூன்று நாளாக ஈரமாகவே கிடக்கிறது. மாவு வைத்தது வைத்தபடி இருக்கிறது, உன்னைப் போலவே.

குளிர்காலத்துக்கு நான் செய்ய வேண்டியதையெல்லாம் செய்துவிட்டேன். படுக்கையறையை அடைத்துக் கட்டிலைச் சமையலறைக்கு இழுத்துப் போட்டாயிற்று. திரைச்சீலைகளுக்குப் பின்னாலும் படுக்கையறைக் கதவிலும் கிழிந்த கம்பளியைக் குண்டூசியால் குத்தியாயிற்று. கதவிடுக்குக்குத் துணிச்சுருள் வைத்தாயிற்று. என் பக்கத்தில் ஒரு குறையும் இல்லை. நீ என்ன செய்தாயோ, அதை அவிழ்த்துவிடு.

மேல் வீட்டுக்காரி


நவம்பர் 13

அக்காவுக்கு,

செய்ததை மறைக்கவில்லை. படம் மாட்டுகிறேன் என்று சொன்னது அவளாகவே சொன்னது. அதற்கு நான் பொறுப்பல்ல.

என் சீலிங் பலகைகளைக் கழற்றி, உள்ளே காகிதம் அடைத்து, மறுபடி ஆணியடித்திருக்கிறேன். எங்கள் பத்திரிகை அச்சகத்தில் அச்சுப் பிசகிய தாள் மூட்டை மூட்டையாகக் கிடக்கும். மேனேஜரிடம் கேட்டேன், எடுத்துக்கொள் என்றார். ஒரு மாதமாக தினம் சாயங்காலம் ஒரு கட்டு பஸ்ஸில் கொண்டுவந்தேன். கண்டக்டர்கூட, "என்ன சார், தினமும் இவ்ளோ பேப்பரா? படிச்சு முடிக்கவே முடியாதே" என்று கேட்டுவிட்டார்.

ஏன் அடைத்தேன் என்று உனக்குத் தெரியும். தெரியாத மாதிரி எழுதுகிறாயே, அதுதான் எனக்கு எரிச்சல். அப்பா மேல் வீட்டை உனக்கும் கீழ் வீட்டை எனக்கும் எழுதி வைத்து நாலு குளிர்காலம் ஓடிவிட்டது. நாலிலும் கிறிஸ்துமஸ் தாண்டும் வரை நீ உன் கணப்பை மூட்டியதே இல்லை. நான் கீழே இருந்து கரி சுமந்து, சாம்பல் அள்ளி, மூச்சிரைக்க ஊதி எரிப்பேன். சூடு நேரே உன் காலடிக்கு ஏறிவரும். நீ அதில் காலுறை காயவைப்பாய். இதை நானாகச் சொல்லவில்லை. நீயே எழுதிக் கொடுத்திருக்கிறாய்.

மார்ச் மாதம் மரியாதையாகத்தானே கேட்டேன். "அக்கா, கரியில பாதி நீயும் போடு" என்றேன். நீ என்ன சொன்னாய்? "சூட்டுக்கு வாடகை கேக்குற முதல் ஆளு நீதான்டா." படியில் நின்றுகொண்டு, எதிர்வீட்டுத் தையல்காரர் காதில் விழும்படி சொன்னாய். அந்த மனிதர் அன்றிலிருந்து என்னைப் பார்த்தால் சிரிக்கிறார்.

நிலவறையில் உன் பங்குக் கரி குவித்தது குவித்தபடி கிடக்கிறது. சிலந்தி வலைகூடக் கட்டிவிட்டது. ஒரு வாளி எடுத்து மூட்டினால் உன் தரை சூடாகும், மாவும் பொங்கும்.

இன்னொன்று. பேசாத கோபத்தில் எழுதினாலும் கொஞ்சம் பொறுமையாக எழுது. உன் கடிதத்தைப் படிக்க அவளும் நானுமாக விளக்கடியில் உட்கார்ந்து ஒவ்வோர் எழுத்தாகக் கூட்ட வேண்டியிருந்தது. சலவைப் பதிவேட்டில் அச்சடித்த மாதிரி எழுதிய கையா இது?

கீழ் வீட்டுக்காரன்


நவம்பர் 16

தம்பிக்கு,

என் கையெழுத்தைத் திருத்துகிற வேலையை உனக்கு யாரும் கொடுக்கவில்லை. விரல் விறைத்தால் எழுத்தும் விறைக்கும். விறைக்க வைத்தது யார்?

உன் சீலிங் என்கிறாய். அதே பலகையை மேலேயிருந்து பார்த்தால் என் தரை. எந்த இடத்தில் உன்னுடையது முடிந்து என்னுடையது தொடங்குகிறது என்று அப்பா கோடு போட்டுக் கொடுக்கவில்லை. மேலே ஏறுவதுதான் சூட்டின் குணம். நான் ஒன்றும் வாளியைக் கட்டி இறக்கி அதைத் திருடவில்லை.

கோபத்தில் சொல்வதாக நினைக்காதே, இந்த ஒன்றை மட்டும் காதில் போட்டுக்கொள். மேலே தண்ணீர்த் தொட்டியிலிருந்து உன் வீட்டுக்கு இறங்கும் குழாய் என் தரைக்கும் உன் சீலிங்குக்கும் நடுவில்தான் ஓடுகிறது. தொட்டி மாற்ற வந்த குழாய்க்காரர் அப்போதே சொன்னார்: "கீழ கணப்பு எரியிற வரைக்கும் இந்தக் குழாய்க்கு ஒண்ணும் ஆகாதும்மா." இப்போது நீ குழாய்க்குக் கீழே காகிதத்தை அடைத்திருக்கிறாய். உன் சூடு குழாய்க்குப் போகாது. மேலே நானும் மூட்டுவதாக இல்லை. பனி இறுகினால் என்ன ஆகும் என்று யோசி.

நான் ஏன் மூட்டவில்லை என்று கேட்காதே. மூட்டவில்லை, அவ்வளவுதான்.

உன் பெண்டாட்டி நேற்று சூப் கொண்டுவந்தாள். நல்லவள், ஆனால் கேள்வி அதிகம். "ஏன் அண்ணி எப்பவும் சால்வைக்குள்ளயே கைய வெச்சிருக்கீங்க?" என்றாள். குளிரில் மனுஷர் கையை வேறு எங்கே வைத்துக்கொள்வார்கள்? சூப்பில் உப்பு குறைவு. அதற்கும் சிக்கனமா?

மேல் வீட்டுக்காரி


நவம்பர் 25

அக்காவுக்கு,

குழாயைக் காட்டி மிரட்டுகிறாய். அந்தக் குழாய்க்காரர் அன்றைக்கு நம் கூரை ஒரு வருடம்கூடத் தாங்காது என்றும் சொன்னார். கூரை இன்னும் நிற்கிறது.

சிட்டுவிடமிருந்து கடிதம் வந்திருக்கிறது. டிசம்பர் 22 அன்று குழந்தையோடு வருகிறாள். மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்கவில்லையாம். குழந்தைக்கு அப்போது மூன்று மாதம் முடிந்திருக்கும். "அப்பா, வீடு கதகதப்பா இருக்குமா? இல்லேன்னா நான் மாமியார் வீட்லயே இருந்துக்கிறேன்" என்று கேட்டு எழுதியிருக்கிறாள். பெற்ற மகள் அப்பன் வீட்டுக்கு வர இந்தக் கேள்வி கேட்கிறாள். என் சிக்கனம் அவ்வளவு தூரம் பேர் வாங்கியிருக்கிறது.

அதனால் மும்முரமாக வேலை நடக்கிறது. ஜன்னல் இடுக்குகளுக்குக் காகிதப் பட்டை ஒட்டியாயிற்று. மெழுகுவர்த்தித் துண்டுகளையெல்லாம் உருக்கி டப்பாவில் ஊற்றி நாலு பெரிய வர்த்தி செய்திருக்கிறேன். சிட்டுவின் அம்மா, "வீடு முழுக்க மெழுகு நாத்தம், தலைக்கு மேல பேப்பர், நடுவுல நீங்க. நான் எங்க போறது?" என்கிறாள். போவதற்கு மேல் வீடு இருக்கிறது என்றேன். முறைத்தாள்.

உன் மேல் எனக்கு இரண்டு மனத்தாங்கல். ஒன்று, புகைபோக்கி துடைக்கிறவரை வியாழக்கிழமை உன் வீட்டுக்கும் அனுப்பினேன். கதவைத் திறக்காமல் உள்ளேயிருந்தே, "வேணாம் போப்பா" என்றாயாம். அந்த மனிதர் கரியாய்ப் படிந்த முகத்தோடு என்னிடம் வந்து நியாயம் கேட்கிறார்.

இரண்டு, போன வருடப் பரிசுக் காகிதப் பெட்டியை அவள் உன்னிடம் கொடுத்தாள். எத்தனை சண்டை வந்தாலும் நவம்பர் கடைசியில் அந்தத் தாள்களைச் சுருக்கமில்லாமல் தேய்த்து மடித்துத் தருவது நீதான். கடையில் வாங்கிய புதுத்தாள் மாதிரி இருக்கும். இந்த வருடம் பெட்டியைத் திறக்காமலே படியில் வைத்துவிட்டாய். என் மேல் கோபம் சரி. சிட்டு மேல் என்ன? குழந்தைக்குப் போர்வை பின்னித் தருகிறேன் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்தாயே, அது எந்த மட்டில் இருக்கிறது? பழைய ஸ்வெட்டரைப் பிரித்த நூல் உருண்டைகள் உன் ஜன்னலில் அப்படியே இருப்பது தெருவிலிருந்தே தெரிகிறது.

கீழ் வீட்டுக்காரன்


நவம்பர் 27

தம்பிக்கு,

தெருவில் நின்று என் ஜன்னலை எட்டிப் பார்க்கிறவனுக்கு நான் என்ன பதில் எழுதுவது?

சிட்டு வருவது சந்தோஷம். போர்வை ஆகாது. பழைய கம்பளி ஒன்றை நாலாக மடித்து வைத்திருக்கிறேன், அதைப் போர்த்தட்டும். பரிசுக் காகிதத்தை உன் பெண்டாட்டி தேய்க்கட்டும். இஸ்திரி போடுவது ஒன்றும் எனக்கு மட்டும் எழுதி வைத்த வேலை இல்லை.

புகைபோக்கிக்காரரை இனி அனுப்பாதே. யாரையும் அனுப்பாதே.

மேல் வீட்டுக்காரி


டிசம்பர் 9

அக்கா,

கதவைத் தட்டினேன். மூன்று தரம் தட்டினேன். உள்ளே நீ நாற்காலியை நகர்த்தும் சத்தம் கேட்டது. திறக்கவில்லை. அதனால் உன் படியிலேயே உட்கார்ந்து இதை எழுதுகிறேன். முழங்காலில் வைத்து எழுதுவதால் எழுத்து கோணலாக இருக்கும். உன்னுடையதைவிட மோசமாக இராது.

நேற்று நண்பகலில் அச்சகத்துக்கு ஆள் வந்தது. "உங்க வீட்டு சீலிங் இறங்கிடுச்சு சார், சம்சாரம் கூப்பிடுறாங்க." தொப்பலாய் நனைந்த தாள், ஒரு மாதம் முதுகில் சுமந்த தாள் எல்லாம், கட்டில் மேலும் மேசை மேலும் அடுப்பு மேலும் கொத்துக் கொத்தாய்க் கிடந்தது. தரையில் அச்சு மை ஊறி, சமையலறை முழுக்கத் தலைப்புச் செய்தி. என் தலையணையில் போன மாத வானிலை அறிக்கை பதிந்திருக்கிறது: 'மிதமான குளிர்' என்று.

சரி, நீ சொன்னாய், நான் கேட்கவில்லை. ஒரு வாரப் பனியில் குழாய் உறைந்து வெடித்தது, நேற்று வெயில் வந்ததும் உருகிக் கொட்டியது. அதை உனக்கு ஒத்துக்கொள்கிறேன். அதற்காக இங்கே உட்கார்ந்திருக்கவில்லை.

அவள் எல்லாம் சொல்லிவிட்டாள். தண்ணீர் கொட்டத் தொடங்கியதும் கத்திக்கொண்டே மேலே ஓடிவந்திருக்கிறாள். நீ தொட்டியடியில் மண்டியிட்டு, இடது கையால் வால்வைத் திருக முடியாமல், அதன் மேல் துண்டைச் சுற்றி ஒரு முனையைப் பல்லில் கடித்து இழுத்துக்கொண்டிருந்தாயாம். சால்வை கீழே கிடந்ததாம். "அவங்க வலது கை மணிக்கட்டு இப்படித் திரும்பியிருக்குங்க" என்று தன் கையை மடக்கிக் காட்டி அழுகிறாள். வால்வை மூடியது அவள். நீ அவளிடம் சொன்ன முதல் வார்த்தை, "அவன்கிட்ட சொல்லாத."

எப்போது நடந்தது? எப்படி நடந்தது? இடது கையால் எழுதிய கடிதங்களையா நான் கையெழுத்து சரியில்லை என்று கிண்டல் செய்தேன்? சீலிங் விழுந்ததற்கு வராத கோபம் இதற்கு வருகிறது. வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் என்ன? உன் வாய்க்கு என்றைக்குப் பஞ்சம் வந்தது?

கதவடியில் தள்ளுகிறேன். பதில் வரும் வரை இந்தப் படியை விட்டு எழுந்திருக்கப் போவதில்லை.

தம்பி


டிசம்பர் 9

தம்பி,

எழுந்து போ. படி ஈரம். உனக்கு மூலம் இருக்கிறது.

பதிலை நாளைக்குத் தபால் பெட்டியில் போடுகிறேன். ஒற்றைக் கையால் அவசரமாக எழுத வராது.

அக்கா


டிசம்பர் 10

தம்பிக்கு,

அக்டோபர் மூன்றாம் தேதி. நிலவறைப் படியில், கரி வாளியோடு. ஆமாம், கரி வாளியோடுதான். இந்த வருடம் முன்னாலேயே மூட்டி உன் வாயை அடைத்துவிட வேண்டும் என்று ரோஷம் வந்து இறங்கினேன். நாலாவது படியில் வழுக்கியது. வாளி முன்னால் போனது, நான் பின்னால் போனேன். நீ அச்சகத்தில் இருந்தாய், அவள் கடைக்குப் போயிருந்தாள். நானே எழுந்து, கொட்டிய கரியை இடது கையால் அள்ளிக் குவியலில் போட்டுவிட்டு, பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

அங்கே ஒழுங்காகத்தான் கட்டுப் போட்டார்கள். ஆறு வாரம் அவிழ்க்கக் கூடாது, நனைக்கக் கூடாது என்றார்கள். நான் நாலாவது வாரம் பாத்திரம் கழுவி நனைத்துவிட்டேன். உள்ளே ஊறி அரித்தது. கத்தரிக்கோலை எடுத்து நானே வெட்டிவிட்டேன். எலும்பு கோணலாகச் சேர்ந்துவிட்டது. இதில் வேறு யாரைக் குறை சொல்ல? இப்போது வாளி என்ன, ஊசி பிடிக்க முடியவில்லை. இஸ்திரிப் பெட்டியைத் தூக்கினால் விரல்கள் தாமாகத் திறந்துகொள்கின்றன. புகைபோக்கிக்காரர் உள்ளே வந்தால் கணப்பைத் திறக்கச் சொல்வார், நான் திணறுவதைப் பார்ப்பார், கீழே வந்து உன்னிடம் சொல்வார்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்கிறாய். சொன்னால் நீ மறுநாளே கரி சுமந்து வந்திருப்பாய், எனக்குத் தெரியும். முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு, வாளியை 'ணங்' என்று வைத்துவிட்டுப் போயிருப்பாய். அந்த 'ணங்' எனக்கு வேண்டாம் என்று இருந்தது. கஞ்சம் என்று உன்னிடம் பேர் வாங்கி எனக்குப் பழகிவிட்டது. முடியாதவள் என்ற பேர் இன்னும் பழகவில்லை.

நீ இப்போது உருகிவிடப் போகிறாய் என்பதால் இதையும் எழுதுகிறேன்: இந்த வருடம்தான் கை. மற்ற வருடமெல்லாம் சுத்தக் கஞ்சத்தனம். கீழேயிருந்து சும்மா வருகிற சூடு இருக்கும்போது எதற்கு என் கரியை எரிப்பது என்றுதான் இருந்தேன். அதில் நீ சொன்னது அத்தனையும் சரி. வாடகை என்று தையல்காரர் காதில் விழும்படி நான் சொன்னது தப்பு.

அக்கா


டிசம்பர் 12

அக்கா,

உன் கடிதத்தை அவளிடம் படித்துக் காட்டினேன். ஊசி பிடிக்க முடியவில்லை என்ற இடத்தில் எழுந்து போய் அடுப்பைத் துடைக்க ஆரம்பித்துவிட்டாள். அது ஏற்கெனவே துடைத்த அடுப்பு.

கை விஷயத்தை அவள் பார்த்துக்கொள்கிறாள். எலும்பு டாக்டரிடம் நாளை மறுநாள் உன்னை அழைத்துப்போவதாக இருக்கிறாள். வர மாட்டேன் என்று சொல்லிப்பார். என்னிடம் செல்லும் உன் பிடிவாதம், அவளிடம் செல்லாது.

இப்போது வீட்டு நிலைமை. புதுக்குழாய் போட்டாயிற்று. ஆனால் பலகை ஈரம் காயாமல் சீலிங் அடிக்க முடியாது, ஜனவரிதான் என்கிறார் தச்சர். நடுவில் ஒரு கட்டில் அகலத்துக்கு ஓட்டை. கீழே எவ்வளவு கரி போட்டாலும் சூடு அந்த வழியாக நேரே மேலே போய்விடுகிறது. நேற்று முழு வாளி எரித்தேன். அவளும் நானும் கோட்டோடு உட்கார்ந்து மேலே பார்த்துக்கொண்டிருந்தோம்.

சிட்டு வர இன்னும் பத்து நாள். இந்த வீட்டில் மூன்று மாதக் குழந்தையை வைக்க முடியாது. வராதே என்று எழுதக் காகிதத்தை எடுத்தேன். அவள் பிடுங்கிக்கொண்டாள். "மேல ரெண்டு ரூம் காஞ்சு கிடக்கு, கணப்பு சும்மா இருக்கு. நாம எல்லாரும் மேல போயிடலாம். உங்க அக்காவ கேளுங்க" என்கிறாள். நீயே கேள் என்றேன். "அடைச்சது நீங்க, நீங்கதான் கேக்கணும்" என்கிறாள்.

நான் கேட்கவில்லை. அவள் கேட்கச் சொன்னதை எழுதியிருக்கிறேன்.

தம்பி


டிசம்பர் 13

தம்பிக்கு,

கேட்காததற்குப் பதில்: வாருங்கள்.

ஆனால் கரியோடு வா. என் குவியலிலிருந்தே எடு, எனக்கு அதனால் வேறு உபயோகம் இல்லை. சாம்பலைப் படியில் சிந்தாமல் எடுத்துப்போ. சுத்தியல் இந்த வீட்டுக்குள் வரக் கூடாது. அச்சடித்த காகிதம் ஒரு துண்டுகூட வரக் கூடாது. உன் மெழுகுவர்த்தி வாடை எனக்கு ஆகாது, அதை ஜன்னலுக்கு வெளியே வைத்துக்கொள். படுக்கையறையை அடைத்திருக்கிற கம்பளியை அவிழ்க்கும்போது குண்டூசிகளை எண்ணி எடு, குழந்தை தவழாவிட்டாலும் சிட்டு வெறுங்காலோடு நடப்பாள்.

புகைபோக்கிக்காரரை அனுப்பு. அவரிடம் நானே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

டாக்டரிடம் போய்வந்த பிறகு மீதி.

அக்கா


டிசம்பர் 21
ஆஸ்பத்திரி, பெண்கள் வார்டு

தம்பிக்கு,

இதை உன் பெண்டாட்டியிடம் கொடுத்தனுப்புகிறேன். கோணலாகச் சேர்ந்ததைப் பிரித்து மறுபடி சேர்த்துவிட்டார்கள். வலி என்று சொன்னால் அவள் அழுகிறாள், இல்லை என்று சொன்னால் நம்ப மாட்டேன் என்கிறாள். உனக்கு எழுதுவது சுலபமாக இருக்கிறது. வலிக்கிறது.

28ஆம் தேதி வரை விட மாட்டார்களாம். கிறிஸ்துமஸ் இங்கேதான். வார்டுக்குள் ஒரு கணப்பு நாள் முழுக்க எரிகிறது. யாருடைய கரி என்று யாரும் கேட்பதில்லை. ஆனால் விரிப்புகளை இப்போது துவைக்கிற லட்சணத்தைப் பார்க்க வேண்டுமே! மடிப்பில் மஞ்சள் விட்டிருக்கிறது. நர்ஸிடம் சொன்னேன். "பாட்டி, நீங்க ரெஸ்ட் எடுங்க" என்றாள். பாட்டியாம்.

என்னை இங்கே சேர்க்கக் கூட்டிவந்த அன்றைக்கு டாக்சியில் நீ என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தாய். நாற்பது நிமிடம். நீ ஜன்னலைப் பார்த்தாய், நான் டிரைவரின் பிடரியைப் பார்த்தேன். அவர் பொறுக்க மாட்டாமல், "ரெண்டு பேரும் சொந்தமா?" என்று கேட்டார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் "ஆமா" என்றோம். ஒன்பது மாதத்தில் நாம் சேர்ந்து பேசியது அது ஒன்றுதான். நீ மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய்.

வார்டு வாசல் வரை என் பையைத் தூக்கி வந்து, கட்டிலுக்கடியில் வைத்துவிட்டு, தலையை ஆட்டிவிட்டுப் போனாய். நான் கண்ணை மூடிக்கொண்டிருந்தது தூக்கத்தினால் அல்ல.

சிட்டு நாளைக்கு வந்துவிடுவாள். குழந்தையை என் கட்டிலில் போடு. சுவரோரமாகப் போடாதே, அந்தச் சுவரில் ஈரம் வரும்.

அக்கா


டிசம்பர் 25

அக்கா,

மத்தியானச் சாப்பாடு முடிந்து எல்லோரும் படுத்திருக்கிறார்கள். உன் சமையலறை மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன். உன் வீட்டில் மூன்றே மூன்று கரண்டிதான் இருக்கின்றன என்பதை இப்போதுதான் கண்டுபிடித்தோம். கேக்கை முறை வைத்துச் சாப்பிட்டோம். ஒரு மனுஷி இப்படியா வாழ்வாள்?

முதல்நாள் கணப்பை மூட்டியபோது வீடு முழுக்கப் புகை. புகைபோக்கிக்காரர் வந்து பார்த்து, "மேல இருக்கிற தகட்டைத் திறக்காம மூட்டினா புகை எங்க சார் போகும்?" என்றார். கீழ் வீட்டுக் கணப்பில் அது கிடையாது. எனக்கு எப்படித் தெரியும்? அவர் சிரித்த சிரிப்பில் தையல்காரரும் வந்துவிட்டார். அவருக்கும் கேக் கொடுக்க வேண்டியதாயிற்று.

பரிசுக் காகிதத்தை நானே தேய்த்தேன். நாலு தாள் கருகிவிட்டது. மீதியில் பொட்டலம் கட்டியிருக்கிறோம். நட்சத்திரம் ஒன்று செய்து ஜன்னலில் தொங்கவிட்டிருக்கிறோம். பயப்படாதே, அச்சடிக்காத தாள்.

குழந்தை உன் கட்டிலில் தூங்குகிறது. சுவரோரம் அல்ல. நீ மடித்து வைத்த கம்பளிக்குள் மூக்கு மட்டும் தெரிகிறது. சிட்டு காலையில் எழுந்து வெறுங்காலோடு சமையலறைக்கு வந்து, "என்னப்பா, அத்தை வீடு இவ்ளோ கதகதப்பா இருக்கு!" என்றாள். "அத்தை எங்க, ஏன் இங்க இல்ல?" என்று வந்த நிமிடத்திலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் அம்மா முழுக்கதையையும் சொல்லிவிட்டாள். அப்போதிலிருந்து சிட்டு என்னோடு சரியாகப் பேசவில்லை. இந்தக் குடும்பத்தில் யாராவது ஒருவர் எப்போதும் என்னோடு பேசாமல் இருக்க வேண்டும் போலிருக்கிறது.

தினம் இரண்டு வாளி கரி மேலே தூக்குகிறேன். பதினெட்டுப் படி. பன்னிரண்டாவது படியில் ஒருமுறை நின்று மூச்சு வாங்காமல் முடிவதில்லை. எனக்கே ஐம்பத்து நாலு. உனக்கு என்னைவிட ஏழு வயது கூடுதல் என்பது எனக்குத் தெரியாததல்ல. ஆனால் வாளியோடு அங்கே நிற்கும் வரை நான் அதைக் கணக்கில் எடுக்கவில்லை.

அக்டோபர் முழுக்க நிலவறைக்குத் தினம் போனேன். உன் கரிக் குவியலில் சிலந்தி வலை கட்டியதைப் பார்த்தேன். அதை வைத்து உன்னை என்ன சொல்லி மடக்கலாம் என்றுதான் யோசித்தேனே தவிர, மேலே ஏறிவந்து என்ன விஷயம் என்று கேட்கத் தோன்றவில்லை. ஒரு மாதம் பஸ்ஸில் காகிதம் சுமக்க எனக்கு நேரம் இருந்தது. பதினெட்டுப் படி ஏற நேரம் இல்லை. இதை அவளிடம் சொல்லவில்லை. உனக்குத்தான் எழுதுகிறேன்.

28ஆம் தேதி டாக்சியோடு நானே வருகிறேன். அச்சகத்தில் லீவு சொல்லியாயிற்று. ஆனால் வந்து என்ன பேசுவது என்று தெரியவில்லை. எழுதத் தொடங்கினால் எழுதிவிடுகிறேன். எதிரில் உன் முகத்தைப் பார்த்தால் ஜன்னல் பக்கம் திரும்பிவிடுகிறேன். வேண்டுமானால் ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்து படித்துவிடட்டுமா?

தம்பி


டிசம்பர் 27
ஆஸ்பத்திரி

தம்பி,

சிட்டு நேற்று குழந்தையோடு வந்தாள். நர்ஸ் இரண்டு நிமிடம்தான் என்றாள். நான் அவள் காதில் அவர்கள் விரிப்புகளைப் பற்றி ஒரு வார்த்தை போட்டேன். அரை மணி நேரம் ஆயிற்று, ஒருவரும் வந்து கேட்கவில்லை. குழந்தைக்கு உன் காது. பாவம்.

மூன்று கரண்டி எனக்குப் போதும். விருந்தாளிகள் கரண்டியோடு வரட்டும்.

ஜனவரியில் தச்சர் வரும்போது நீ பக்கத்தில் நின்று பார். காகிதத்தை மறுபடி அடை. வேண்டாம் என்று சொல்லவில்லை. குழாய்க்கு மேலே அடை, கீழே அடைக்காதே. அப்படிச் செய்தால் உன் சூட்டில் குழாய் உறையாது, உன் வீடும் சூடாக இருக்கும். என் தரை குளிரும். குளிரட்டும். நான் என் கணப்பை மூட்டிக்கொள்கிறேன். கை தேறும் வரை கரியை நீ தூக்கு. தேறின பிறகும் நீயே தூக்கு. வாளியை 'ணங்' என்று வைத்தாலும் பரவாயில்லை.

நாளைக்குப் பத்து மணிக்கு விடுவார்கள். தாளில் எழுதிக்கொண்டு வராதே. வார்டில் பத்துப் பெண்கள் படுத்திருக்கிறார்கள், நீ அப்பாவின் உயிலை வாசிக்கிற மாதிரி நின்று படித்தால் மானம் போய்விடும். கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து, "அக்கா, எழுந்திரு, போகலாம்" என்று சொல். அது போதும்.

மற்றதையெல்லாம் வழி நெடுக நான் பேசிக்கொள்கிறேன்.

அக்கா